மஞ்சள் துணி கட்டிய கோழிகள்

என் நாத்தனார் தன் புருஷன் வீட்டை உதறிவிட்டு வந்த அன்று, வேப்பந்தட்டை பஸ்ஸிலிருந்து இறங்கியவள் கையில் பெட்டியில்லை, பையில்லை. இடுப்பில் ஒரு பெட்டைக்கோழி இருந்தது. “இது ஒண்ணுதான் அண்ணி நான் சம்பாதிச்சு வாங்குனது” என்றாள்.

அந்த ஒன்று பலவாகி, பெரம்பலூரில் எங்கள் கொல்லை முழுக்கக் கோழியானது. முட்டையும் கோழியும் விற்றுத்தான் அவள் சேலை எடுத்தாள், செருப்பு வாங்கினாள். அண்ணனிடம் எதற்கும் கை நீட்டவில்லை. பஸ்ஸுக்குக்கூடப் புருஷனிடம் காசு கேட்டு நின்ற எனக்கு அதன் அருமை தெரியும்.

அப்போதுதான் ஊர் நகராட்சியானது. இனி ஊருக்குள் ஆடு, கோழி வளர்க்கக் கூடாது, மீறினால் பறிமுதல் என்று ஆட்டோவில் மைக் கட்டிச் சொல்லிக்கொண்டு போனார்கள். சாக்கடைக்கு மூடி போட வக்கில்லை, எங்கள் கோழிதான் இவர்கள் கண்ணை உறுத்தியது. பள்ளிக்கூடத்தில் கிளார்க்காக இருந்த என் வீட்டுக்காரர் வெலவெலத்துப் போனார்.

“எல்லாத்தையும் வித்துடும்மா. உனக்கு வேணுங்கிறத நான் வாங்கித் தரேன்” என்றார்.

“அதுக்குத்தாண்ணே பயப்படுறேன்” என்றாள் அவள்.

கோழி பிடிக்க நகராட்சி வண்டி எங்கள் தெருவுக்கு வந்த காலையில் கோழிகளின் காலிலெல்லாம் மஞ்சள் துணி கட்டியிருந்தது. என் பழைய பாவாடையைக் கிழித்து மஞ்சளில் நனைத்துக் கொடுத்தவள் நான்தான். அதில் எனக்கு இன்றுவரை துளி வருத்தமில்லை. மஞ்சள் துணி கட்டிச் சாமிக்கு நேர்ந்துவிட்ட சேவலை எங்கள் பக்கத்தில் திருடன்கூடத் தொடமாட்டான். ஆனால் பெட்டையை யாரும் நேர்ந்துவிடுவதில்லை. அவசரத்தில் அது எங்கள் இருவர் புத்திக்கும் எட்டவில்லை.

சாக்கோடு வந்த உள்ளூர்த் தொழிலாளி குனிந்து பார்த்தார். “பெட்டையையுமா தாயி நேர்ந்து விட்டீங்க?”

“எல்லாமே செல்லியம்மனுக்குத்தாங்க. துணிச்சல் இருந்தா தூக்கிக்கிட்டுப் போங்க” என்றாள் நாத்தனார்.

அவர் சாக்கைச் சுருட்டிக் கக்கத்தில் வைத்துக்கொண்டார். கூட வந்த சுகாதார ஆய்வாளர் வெளியூர்க்காரர். பிடி, பிடி என்று கத்தினாரே தவிர, தானும் குனியவில்லை. வண்டி காலியாகவே திரும்பியது.

சாயங்காலம் விஷயம் கேட்டு என் வீட்டுக்காரர் தலையில் கை வைத்தார். “சாமி பேரைச் சொல்லிட்டியே. இனிமே ஒரு கோழியக்கூட விக்க முடியாது. எதை வச்சுப் பொழைப்ப?”

நானும் அதை யோசித்திருக்கவில்லை. அவள் மட்டும் அசரவில்லை.

“கோழியத்தாண்ணே அம்மனுக்கு விட்டேன். முட்டைய விடலையே.”

சொன்னபடி அவற்றில் ஒன்றைக்கூட அவள் விற்கவில்லை. சேவல்களைத் திருவிழாவில் அம்மனுக்கே கொடுத்தாள். நகராட்சியின் அந்த விதி இன்னும் இருக்கிறதாம். இருந்துவிட்டுப் போகட்டும். இன்று காலையும் அவள் முட்டை விற்கத்தான் போயிருக்கிறாள்.