முடி தெரியாத துணி

முடிதிருத்தும் கடைக்காரருக்கு வீட்டில் ஒரே ஒரு கெட்ட பெயர்தான்: எந்தச் சட்டை போட்டாலும் அதில் ஊரார் முடி.

மகள் கல்யாணத்துக்குத் தனக்கு ஒரு கோட்டு தைக்க, கடையிலிருந்து நேரே மனைவியோடு தையல்காரரிடம் போனார். தையல்காரர் ட்வீட் துணிகளை மேசைமேல் விரித்தார். எல்லாம் சொரசொரப்பான கம்பளி.

"இந்தக் கருநீலம் எடுப்பா இருக்குங்க," என்றாள் மனைவி.

கணவர் தன் காலரைத் தட்டி, உதிர்ந்த முடிகளை ஒவ்வொரு துணிமேலும் தூவினார்.

"அண்ணே, விக்கிற துணி!" தையல்காரர் பதறினார்.

கருநீலத்தில் நரைமுடி பளிச்சென்று தெரிந்தது. பழுப்பில் கருமுடி தெரிந்தது. கறுப்பும் வெள்ளையும் கலந்த சாம்பல் துணிதான் எல்லாவற்றையும் விழுங்கிக்கொண்டது.

"இதுதான்," என்றார், முகமெல்லாம் சிரிப்பாக.

மனைவிக்குக் கோபம் பொத்துக்கொண்டு வந்தது. "கல்யாணத்தன்னிக்குமா கடை திறக்கப் போறீங்க?"

"மாப்பிள்ளை தலையைப் பாத்தியா? காடு மாதிரி வச்சிருக்காரு. அன்னிக்குக் காலையில அதை நான் வெட்டாம வேற யாரு வெட்டுவா?"

அவள் ஒரு கணம் யோசித்தாள். பிறகு தையல்காரர் பக்கம் திரும்பினாள்.

"மாப்பிள்ளைக்கு ஒரு நரைகூட இல்லண்ணே. கருநீலத்தையே வெட்டுங்க."