அன்னைக்கு பஸ் வரல

என் மூத்த பிள்ளைய கொழும்புல ஒரு வீட்டுக்கு வேலைக்கு அனுப்புறதுக்கு, நானே உக்காந்து தலை சீவி ரிப்பன் கட்டிவிட்டேன். எட்டாம் வகுப்புல இருந்து நிப்பாட்டின பிள்ளை. அப்பிடி ஒரு காலையில இருந்து மாரியாத்தா என்னை எப்பிடி மீட்டாங்கிறத, அவளை நம்பி இங்க கூடியிருக்கிற உங்ககிட்ட இன்னைக்காவது சொல்லணும்.

என் பேரு பாக்கியம். யட்டியாந்தோட்டைக்கு மேல ரப்பர் தோட்டத்துல பால் வெட்டுறேன். இது நடந்தது தொண்ணூறுகள்ல, யுத்தம் நடந்துகிட்டிருந்த காலம். அந்த வருசம் சித்திரையில, விறகு வெட்டப் போன வீட்டுக்காரரு பாறையில சறுக்கி விழுந்து, இடுப்பு ஒடிஞ்சு படுத்துட்டாரு. வைகாசி பொறந்ததும் மழை புடிச்சுக்கிச்சு. மரம் நனைஞ்சா பால் வெட்ட முடியாது. வெட்டலன்னா அன்னைக்கு வேலை செஞ்சதா பேர் விழாது, பேர் விழலன்னா சம்பளம் இல்ல. மருந்து வாங்கணும், பிள்ளைங்களுக்கு அரிசி வாங்கணும். கடை முதலாளிகிட்ட கடன் வாங்கினேன். ஈடா எங்க சினை மாட்டை ஓட்டிக்கிட்டுப் போயி அவரு கொட்டில்ல கட்டிட்டாரு.

"கன்னு போடுறதுக்குள்ள காசக் கட்டிரு பாக்கியம். இல்லாட்டி மாடும் எனக்கு, கன்னும் எனக்கு."

அந்த மாட்டுப் பாலை வித்துத்தான் குடும்பத்தைத் தூக்கணும்னு இருந்தேன். டவுனுக்குப் போயி ஒரு பேங்குல ஏறினேன். அங்க இருந்த ஐயா யாழ்ப்பாணத்துக்காரரு, தமிழ் பேசுறவருதான். "அடையாள அட்டை இருக்கோ? காணி உறுதி இருக்கோ?"ன்னு கேட்டாரு. அட்டையும் இல்ல, நிலப் பத்திரமும் இல்ல. நான் இருக்கிற லயத்து அறையே, அந்த வரிசை வீடே, தோட்டத்துக்குச் சொந்தம். "நான் என்ன செய்யிறது அம்மா, சட்டம் அப்பிடி. ஒண்டும் இல்லாமல் கடன் தர ஏலாது" ன்னாரு. அவரு கொரல்ல கோவம்கூட இல்ல. அதுதான் எனக்கு ரொம்ப வலிச்சுச்சு. நான் யாரைப் போயி திட்டுறது?

சோறு ஒரு நேரமாச்சு. அப்புறம் ரொட்டி. அப்புறம் வெறும் தேத்தண்ணி. அந்த நேரம் பாத்து, கொழும்புக்கு வேலைக்கு ஆள் புடிக்கிற தரகரு வந்தாரு. "பிள்ளைய அனுப்பு, முன்பணம் தர்றேன்" ன்னாரு. நான் தலைய ஆட்டிட்டேன். வீட்டுக்காரரு சொவரு பக்கம் திரும்பிக்கிட்டாரு.

மூத்தவ சாந்தி அழல. "அம்மா, நான் போனா மாட்டைத் திருப்பிருவீங்களா?"ன்னு மட்டும் கேட்டுச்சு.

பஸ் ரோட்டு ஓரத்துலதான் நம்ம மாரியம்மா கோயில். பிள்ளைய பையோட வெளிய நிக்க வச்சுட்டு உள்ள போயி விழுந்தேன். சூடம் வாங்கக்கூட வழியில்ல. கும்பிட வார்த்தை வரல. சண்டைதான் வந்துச்சு.

"வருசா வருசம் உனக்குத் தீச்சட்டி எடுத்தேனே ஆத்தா, உனக்குக் கண்ணு இருக்கா? மாடு வேணாம். காசு வேணாம். இந்த பஸ் மட்டும் வராம இருக்கட்டும். இன்னைக்கு மட்டும்!"

வேற எதையும் கேக்க எனக்குத் தெரியல.

பஸ் வரல. மழை கொட்டுது, நாங்க நின்னுகிட்டே இருக்கோம். கீழ இருந்து நனைஞ்சுகிட்டு சோமா அக்கா நடந்து வந்தாங்க. பக்கத்து சிங்கள கிராமம், எங்ககூட பால் வெட்ட வர்றவங்க. "மண்ணு சரிஞ்சு ரோடு மூடிருச்சு நங்கி. இன்னைக்கு பஸ் இல்ல" ன்னாங்க. தங்கச்சின்னு என்னை அப்பிடித்தான் கூப்பிடுவாங்க. நான் கோயில் பக்கம் திரும்பிப் பாத்தேன்.

அக்கா சாந்தியைப் பாத்தாங்க. பையைப் பாத்தாங்க. "பிள்ளை எங்க போகுது?"

அது வரைக்கும் நான் யாருகிட்டயும் வாயத் தொறக்கல. வெக்கம். அந்த எடத்துலயே குந்தி எல்லாத்தையும் கொட்டிட்டேன்.

அவங்க கிராமத்துல பொம்பளைங்க சமித்தி ஒண்ணு இருந்துச்சு. வாராவாரம் கொஞ்சம் கொஞ்சம் சேத்து, மொறை வச்சு ஒருத்தருக்கொருத்தர் கடன் குடுத்துக்குவாங்க. காணி உறுதி கேக்கமாட்டாங்க. இன்னொரு பொம்பளை பொறுப்பு நின்னா போதும். அன்னைக்கு சாயந்தரமே அக்கா என்னை அங்க கூட்டிக்கிட்டுப் போனாங்க. நான் மூலையில நின்னேன். ஒரு அம்மா சிங்களத்துல சொன்னது எனக்கு நல்லாவே புரிஞ்சுச்சு. "தோட்டத்துத் தமிழ் ஆளு. அட்டையும் இல்ல. ஓடிட்டா யாரைப் புடிக்கிறது?"

ஆத்தா, கதவைத் தொறந்து காட்டிட்டு மூடுறியான்னு உள்ளுக்குள்ள கேட்டேன்.

சோமா அக்கா எந்திரிச்சாங்க. "இந்தத் தடவை என் மொறை. இஞ்சி போடக் கேட்டிருந்தேன். அந்தக் காச இவளுக்குக் குடுங்க. இவ ஓடினா நான் கட்டுறேன்."

மறுநாளே மாட்டை அவுத்துக்கிட்டு வந்தேன். தரகருகிட்ட, முன்பணமும் வேணாம், பிள்ளையும் வராதுன்னு சொல்லிட்டேன். வீட்டுல கட்டினப்புறம் கிடேரிக் கன்னு போட்டுச்சு. பஜாருல தேத்தண்ணிக் கடைக்குப் பால் ஊத்தி, வாரம் தவறாம கடனைக் கட்டி முடிச்சேன். அக்கா இஞ்சி போட்டப்ப நானும் சாந்தியும் போயி மண்ணு வெட்டிக் குடுத்தோம். "எனக்காக ஏன்க்கா உங்க மொறைய விட்டீங்க?"ன்னு அன்னைக்குத்தான் கேட்டேன். "பிள்ளை கையில பை இருந்துச்சு நங்கி. வேற என்ன பண்ணச் சொல்ற?" ன்னாங்க.

சாந்தி திரும்பப் பள்ளிக்கூடம் போச்சு. வீட்டுக்காரரு இன்னும் கம்பு ஊணித்தான் நடக்குறாரு. கஷ்டமெல்லாம் தீந்துருச்சுன்னு ஆத்தா முன்னால நின்னு பொய் சொல்லமாட்டேன். ஆனா இப்ப நம்ம தோட்டத்துலயே பொம்பளைங்க சங்கம் வச்சிருக்கோம். ஆடு வாங்க, கோழி வளக்க, கீரைப் பாத்தி போட ஒருத்தரை ஒருத்தர் கேட்டுக்கிறோம்.

கதவைச் சாத்திக்கிட்டு அழுற பொம்பளை இந்தக் கூட்டத்துல இருந்தா, உங்களுக்குத்தான் சொல்றேன். கும்பிட வார்த்தை வரலன்னா சண்டை போடுங்க. ஆத்தா கோவிச்சுக்கமாட்டா. அப்புறம் எந்திரிச்சு, வெள்ளிக்கிழமை பூசை முடிஞ்சதும் எங்ககிட்ட வாங்க. பொறுப்பு நிக்க ஆள் இல்லையேன்னு யோசிக்காதீங்க. நான் நிக்கிறேன்.