நாத்தனாரின் மெயிலும் நான் போட்ட தமிழ் டைப்பிங்கும்

இரண்டு வருடங்களுக்கு முன், ஆடி முடிந்து ஆவணி பிறந்த சமயம். புதுச்சேரியின் பாகூர் கொம்யூன் பஞ்சாயத்தில் தமிழ்நாட்டு எல்லையை ஒட்டிய கிராமம் எங்களுடையது. வீட்டில் கணவர், மாமியார், நான், கல்யாணமாகாத நாத்தனார் என்று நான்கு பேர். கணவருக்குக் கரும்பும் நெல்லும். நாத்தனார் புதுச்சேரியில் ஒரு தனியார் மருத்துவமனையில் நர்ஸ். நான் தமிழ்த் தட்டச்சில் ஹையர் தேறியவள். வீட்டுக் கம்ப்யூட்டரில் ஊராருக்கு மனு, காதுகுத்துப் பத்திரிகை, கோயில் நோட்டீஸ் என்று அடித்துக் கொடுப்பேன்.

கம்ப்யூட்டர் அரதப் பழசு. ஆன் செய்துவிட்டுப் போய் அரிசி களைந்து உலை வைத்துவிட்டு வந்தாலும் திறந்திருக்காது. தட்டச்சு வகுப்பில் என்னோடு படித்த தோழி ஒருத்தி வில்லியனூர் பக்கம் ஒரு கல்லூரியில் கம்ப்யூட்டர் லேபைப் பார்த்துக்கொள்கிறாள். அவள்தான் அதில் லினக்ஸ் போட்டுக் கொடுத்தாள். காசு கிடையாது, உள்ளே என்ன எழுதியிருக்கிறது என்று யார் வேண்டுமானாலும் திறந்து பார்க்கலாம், ஒளிவுமறைவே இல்லாத சிஸ்டம் என்றாள். பழைய பெட்டி சுறுசுறுப்பாகிவிட்டது. பெருமையில் எனக்குத் தலைகால் புரியவில்லை. வைரஸ் வந்துவிட்டது என்று யார் புலம்பினாலும், எங்கள் வீட்டில் லினக்ஸ், அதெல்லாம் கிட்டவே வராது என்று கேட்காமலே பாடம் எடுப்பேன். கம்ப்யூட்டருக்குப் பாஸ்வேர்டு ஒன்றுதான். நான்கு பேருக்கும் தெரியும், பக்கத்து வீட்டுக்கும் தெரியும்.

ஒரே குறை, என் விரல்கள். பழைய டைப்ரைட்டர் மெஷினில் பழகியவை அவை. கம்ப்யூட்டரில் இருந்த தமிழில் ஒரு எழுத்தை நினைத்து அடித்தால் வேறொன்று வந்து நிற்கும். தோழியைக் கேட்டிருக்கலாம். கேட்கவில்லை. போனில் எங்களைப் போன்ற தட்டச்சுக்காரர்களின் குழு ஒன்று உண்டு. அதில் முகம் தெரியாத யாரோ, லினக்ஸிலும் பழைய மெஷின் மாதிரியே அடிக்கலாம் என்று ஒரு புரோகிராமைப் போட்டிருந்தார். இறக்கினேன். நடுவில் அது கம்ப்யூட்டரின் பாஸ்வேர்டைக் கேட்டது. அடித்தேன். அன்றைக்கே மூன்று மனுக்கள் மளமளவென்று முடிந்தன. அந்த முகம் தெரியாதவருக்கு வரிசையாகக் கும்பிடு படம் அனுப்பி நன்றி வேறு சொன்னேன்.

நாத்தனாருக்கு வெளிநாட்டு மருத்துவமனை ஒன்றில் வேலைக்கு முயற்சி நடந்துகொண்டிருந்தது. ஆங்கிலப் பரீட்சையில் ஒருமுறை தவறி, மறுமுறை தேறினாள். நேர்காணலும் ஆகிவிட்டது. எப்போது வந்து சேர முடியும் என்று கேட்டு மெயில் வந்திருந்தது. அடுத்து வேலைக் கடிதம் வர வேண்டும். வந்த ஐந்து நாளுக்குள் கையெழுத்திட்டுத் திருப்பி அனுப்பாவிட்டால் அடுத்த ஆளுக்குப் போய்விடும்.

வீட்டில் அவள் போவதை எதிர்த்தது நான் ஒருத்திதான். வயசுப் பெண் தனியாக எப்படி இருப்பாள் என்று வெளியில் சொல்வேன். உண்மை அதில்லை. மாமியாருக்குச் சர்க்கரை, தினமும் ஊசி. அதை அவள் பார்த்துக்கொண்டாள். போதாக்குறைக்கு எனக்குக் கார்த்திகையில் கர்ப்பப்பை ஆபரேஷனுக்கு நாள் குறித்திருந்தார்கள். அவள் போய்விட்டால் எல்லாம் என் தலையில் விழும் என்ற பயம். ஊர் அம்மன் கோயில் செடல் திருவிழா அன்று மதியம், உறவுக்காரர்கள் பந்தியில் உட்கார்ந்திருக்கும்போதே வாயை விட்டேன்.

"அத்தைக்கு ஊசி போட ஒரு ஆள வச்சிட்டு எந்த நாட்டுக்கு வேணா போவட்டும். நான் இன்னா இந்த வூட்டு வேலைக்காரியா?"

நாத்தனார் பாதி இலையில் கை கழுவிக்கொண்டு எழுந்துவிட்டாள்.

பத்து நாள் கழித்து, ஒரு நாள் டூட்டி முடிந்து லாக்கரிலிருந்து போனை எடுத்தவளுக்கு மெயில் திறக்கவில்லை. பாஸ்வேர்டு மாற்றப்பட்டுவிட்டது என்று காட்டியது. அவள் போட்டிருந்த பாஸ்வேர்டு அவளுக்கு மட்டும் தெரிந்தது. போனில் அதை அடிப்பதே இல்லை, மெயில் எப்போதும் திறந்தே இருக்கும். அடித்ததெல்லாம் வீட்டுக் கம்ப்யூட்டரில். அந்த அறையில் எந்நேரமும் இருப்பவள் நான். அவள் போவதைப் பிடிக்காதவளும் நான். கூட்டிப் பார்க்க அவளுக்கு அதிக நேரம் ஆகவில்லை.

மறுநாள் காலை அடுப்படிக்கு வந்தாள். சண்டை போடவில்லை, அழவும் இல்லை.

"அண்ணி, நான் யார் கிட்டயும் ஒன்னும் சொல்ல மாட்டேன். அந்த பாஸ்வேர்ட மட்டும் குடுத்துடுங்க."

நான் மாற்றவில்லை என்று சாமி மேல் சத்தியம் செய்தேன். அவள் தலையை ஆட்டிவிட்டு வேலைக்குக் கிளம்பிவிட்டாள். கூடத்தில் பேப்பர் படித்துக்கொண்டிருந்த கணவர் எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டுதான் இருந்தார். பேப்பரை இறக்கவே இல்லை. பதினாறு வருடம் குடித்தனம் நடத்திய மனுஷன் ஒரு வார்த்தை எனக்காகப் பேசவில்லை என்பதுதான் பொறுக்கவில்லை. கம்ப்யூட்டரே எனக்குச் சாட்சி சொல்லட்டும் என்று தோழிக்குப் போன் போட்டேன்.

ஞாயிற்றுக்கிழமை பஸ் பிடித்து வந்தாள். முதலில் பெட்டியின் பின்பக்கம் கையை விட்டு கீபோர்டு ஒயரைத் தடவிப் பார்த்தாள். ஒயருக்கும் பெட்டிக்கும் நடுவே பொத்தான் அளவுக்கு ஒரு சாதனத்தைச் செருகி, அடிப்பதை எல்லாம் பதிவு செய்வார்களாம். எந்த சிஸ்டம் போட்டிருந்தாலும் அதைத் தடுக்க முடியாதாம். அப்படி எதுவும் இல்லை. பிறகு, கம்ப்யூட்டர் திறந்ததும் தானாகக் கிளம்பும் புரோகிராம்களை ஒவ்வொன்றாகப் பார்த்துக்கொண்டே வந்தவள், ஓரிடத்தில் நின்று இது இன்னாது என்று கேட்டாள். தமிழ் டைப்பிங் என்றேன். எங்கே கிடைத்தது, யார் கொடுத்தது என்று வரிசையாகக் கேட்டாள். நான் சொல்லச் சொல்ல அவள் முகம் மாறியது.

"பாஸ்வேர்டு கேட்டுச்சே, டைப் அடிக்கறதுக்கு இதுக்கு இன்னாத்துக்கு பாஸ்வேர்டுன்னு ஒரு தபா யோசிச்சியாடி?"

அப்புறம் விளக்கினாள். தமிழில் அடிக்க உதவும் புரோகிராம் எதுவானாலும், நாம் அழுத்தும் ஒவ்வொரு விசையையும் பார்த்தால்தான் அதை எழுத்தாக மாற்ற முடியும். நல்லவன் எழுதியது மாற்றிக் கொடுப்பதோடு நிறுத்திக்கொள்ளும். இது எழுத்தை எனக்குக் கொடுத்துவிட்டு, விசைகளை ஒரு கோப்பில் சேர்த்து வெளியே யாருக்கோ அனுப்பிக்கொண்டிருந்தது. லினக்ஸ் தானாக யாரையும் உள்ளே விடவில்லை. வீட்டுக்காரி சொன்னதால் விட்டது.

அந்தக் கோப்பைத் திறந்து காட்டிவிட்டு, மாமியார் கூப்பிட்டார் என்று டீ குடிக்கப் போனாள். நான் தனியாக உட்கார்ந்தேன். தேதி, நேரத்தோடு எல்லாம் பதிவாகியிருந்தது. நான் தமிழில் அடித்ததெல்லாம் அர்த்தமில்லாத ஆங்கில எழுத்துகளாகக் கிடந்தன. ஆனால் மேஜைமேல் விரல்களை வைத்து அந்த எழுத்துகளை அடித்துப் பார்த்தால் எனக்குப் புரிந்தது. செடல் நோட்டீஸ், அம்மன் வீதியுலா நேரம், உபயதாரர் பெயர்கள். அதற்குக் கீழே, செடல் அன்று காலையில் நாத்தனார் ஆங்கிலத்தில் அடித்தது இருந்தது. அது அவளுடையது என்று முதல் வரியிலேயே தெரிந்துவிட்டது. அங்கேயே மூடியிருக்க வேண்டும். மூடவில்லை, படித்தேன்.

வேலை கொடுப்பவர்களுக்கு எழுதிய பதில் அது. என் அண்ணிக்குக் கார்த்திகையில் ஆபரேஷன், கூட இருந்து பார்க்க வேறு ஆள் இல்லை, நான் அதுவரை ஊரில் இருந்தாக வேண்டும், மூன்று மாதம் தள்ளி வந்து சேரலாமா என்று கேட்டிருந்தாள். அதை அனுப்பவில்லை. சாயங்காலம் திரும்ப வந்து உட்கார்ந்திருக்கிறாள். அழிக்கும் விசையை அழுத்திய குறிதான் வரிசை வரிசையாக இருந்தது. அதற்கப்புறம் ஒரே வரி. நீங்கள் சொல்லும் நாளில் வந்து சேரத் தயார்.

காலைக்கும் சாயங்காலத்துக்கும் நடுவில்தான் அந்தப் பந்தி.

நான் போட்ட புரோகிராம்தான் காரணம் என்று அன்றே எல்லோரையும் உட்கார வைத்துச் சொன்னேன். கணவர் சங்கடத்தோடு தொண்டையைக் கனைத்துக்கொண்டார். தோழி அந்தக் கம்ப்யூட்டரை அதன்பிறகு யாரையும் தொட விடவில்லை. நாத்தனாரின் போனிலிருந்தே மெயிலை மீட்க விண்ணப்பம் போட வைத்தாள். திருடன் மெயிலில் இருந்த அவள் போன் நம்பரையும் மாற்றியிருந்தான். பழைய நம்பர் இன்னும் சில நாள் செல்லும் என்பதால் மூன்றாம் நாள் மெயில் கைக்கு வந்தது. வேலைக் கடிதம் அதில் வந்து கிடந்தது. கெடு முடிய ஒரு நாள் மிச்சம். கையெழுத்துப் போட்டு அனுப்பிவிட்டு அவள் நேராக என்னிடம் வந்தாள்.

"உங்களப் போய் சந்தேகப்பட்டுட்டன் அண்ணி. மனசுல வச்சிக்காதீங்க."

பரவாயில்லை என்று தலையை ஆட்டினேன். அவள் அழித்ததைப் படித்தேன் என்று மட்டும் சொல்லவில்லை.

கம்ப்யூட்டரைத் தோழி சுத்தமாக அழித்துவிட்டு லினக்ஸைப் புதிதாகப் போட்டாள். அந்தப் புரோகிராமை மட்டும் நீக்கினால் போதாதா என்றேன். பாஸ்வேர்டே கொடுத்த பிறகு அது உள்ளே எங்கெங்கே கைவைத்ததோ, நம்ப முடியாது என்றாள். எனக்கு வேண்டிய பழைய மெஷின் தமிழ், சிஸ்டத்தின் சொந்தக் களஞ்சியத்திலேயே, லினக்ஸ்காரர்களே சரிபார்த்து வைத்திருக்கும் புரோகிராம்களோடு, இருந்தது. நான்தான் சரியாகத் தேடவில்லை. இப்போது ஆளுக்கொரு லாகின். புதிதாக எதையும் போடும் பாஸ்வேர்டு என்னிடம் மட்டும். களஞ்சியத்துக்கு வெளியிலிருந்து எதையும் எடுப்பதில்லை. எல்லோருடைய மெயிலுக்கும், பாஸ்வேர்டு போட்ட பிறகு போனிலும் ஒப்புதல் கேட்கும்படி வைத்திருக்கிறோம். ஊராருக்கு நான் பாடம் எடுப்பதும் நின்றுவிட்டது.

ஐப்பசியில் அவள் விமானம் ஏறினாள். மாமியாருக்கு ஊசி போட நான் கற்றுக்கொண்டேன், பெரிய வித்தை ஒன்றும் இல்லை. கார்த்திகையில் ஆபரேஷனுக்கு என் அக்கா வந்து இருந்தாள். அங்கிருந்து நாத்தனார் தினமும் வீடியோவில் கூப்பிட்டு, தையல் போட்ட இடம் சிவந்திருக்கிறதா, ஜுரம் உண்டா, நடந்தீர்களா என்று கேட்டாள். ஒவ்வொரு தடவையும் சொல்லிவிடலாம் என்று வாயெடுப்பேன், வேறு எதையோ பேசி வைத்துவிடுவேன். கம்ப்யூட்டரோடு அந்தக் கோப்பும் அழிந்துவிட்டது, இனி யாருக்கும் தெரியப்போவதில்லை.

அவள் அங்கிருந்தும் போனில் இந்தப் பத்திரிகையைப் படிக்கிறாள். பெயர் போடாவிட்டாலும் இது யார் எழுதியது என்று கண்டுபிடித்துவிடுவாள், அதற்காகத்தான் எழுதுகிறேன். அவள் பாஸ்வேர்டைத் திருடியவன் யாரென்று இன்றுவரை எனக்குத் தெரியாது, அவனைத் திட்டவும் எனக்கு வாயில்லை, ஏனென்றால் அவள் அழித்துவிட்டதாக நம்பிய வரியை அவளுக்குத் தெரியாமல் உட்கார்ந்து படித்தவள் நான்.