சோதனை வரி

தம்பியோடு சேர்ந்து வலைத்தளம் கட்டிப் பிழைத்தவள் அவள். போன வருஷம் அவன் தவறியபின் ஒண்டி ஆள்.

எந்தப் பக்கத்தைத் தொடங்கினாலும், சோதனைக்கு "அக்கா, தெரியுதா?" என்றுதான் அடிப்பான். பக்கத்து அறையிலிருந்து இவள், "தெரியுதுடா!" என்று கத்துவாள்.

இன்று பட்டப்பகலில், அப்டேட் போட்ட கையோடு, பக்கங்களைச் சோதிக்க அவள் கணினிக்குள்ளேயே ஓடும் லோக்கல் சர்வர் படுத்துவிட்டது. "நல்லா இருந்ததைக் கெடுத்துட்டியே, பாவி!" என்று கணினியைத் திட்டியபடி மென்பொருளை நீக்கினாள், ஃபோல்டர்களைத் துடைத்தாள், எல்லாவற்றையும் புதிதாக ஏற்றிவிட்டு இணைய வயரையும் பிடுங்கினாள். இனி வெற்றுப் பக்கம்தான் வரவேண்டும்.

பிரவுசரைத் திறந்தாள்.

"அக்கா, தெரியுதா?"

"தெரியுதுடா!" பழக்கதோஷத்தில் வாய் முந்திக்கொண்டது.

அவள் எதையும் தொடவில்லை. பக்கத்தில் அடுத்த வரி விழுந்தது.

"எனக்கும் நீ தெரியுறக்கா."