பஞ்சாபகேசனின் சுண்டுவிரல்

பஞ்சாபகேசனுக்குச் சூடு சுரணை கிடையாது என்று வலியசாலை அக்கிரகாரத்தில் யாராவது சொன்னால் அது வசவு இல்லை, பாராட்டு. கல்யாண வீடுகளில் பந்திச் சமையல் அவர் தொழில். பாயச உருளியை அடுப்பிலிருந்து துணி பிடிக்காமல் இறக்குவார். வெல்லப்பாகு கொதிக்கும்போது விரலை விட்டுப் பதம் பார்ப்பார். சம்பந்திகள் மாப்பிள்ளையை மணையில் தனியே விட்டுவிட்டு இதைப் பார்க்கக் கொல்லைப்புறம் வந்து நிற்பார்கள். ஆள் சேரும்வரை அவரும் பாகைத் தொடமாட்டார்.

ஊருக்கு மின்சார விளக்கு வந்த புதிதில் கரமனையில் ஒரு கல்யாணம். பலாப்பழப் பாயசமான சக்கைப் பிரதமனைக் கிளறிக்கொண்டிருந்தவருக்கு எங்கோ தீய்ந்த வாடை அடித்தது. "எவண்டா அடிபிடிக்க விட்டது?" என்று கூட வந்தவர்களையெல்லாம் ஒரு பிடி பிடித்தார். எல்லா அடுப்பும் ஒழுங்காகத்தான் எரிந்தன. தீய்ந்தது அவருடைய இடது சுண்டுவிரல். உருளியின் விளிம்பில் அது பாட்டுக்குச் சாய்ந்து வெந்துகொண்டிருந்தது.

"ஓய் பஞ்சு, நீர் மனுஷரே இல்லை ஓய்!" என்றார் பெண்ணின் சித்தப்பா. சுற்றி நின்றவர்கள் கைதட்டாத குறை.

பஞ்சாபகேசன் சிரித்தார். சிரித்துக்கொண்டே கையை மேல்துண்டுக்குள் மறைத்தார். இத்தனை வருஷமும் அவருக்குச் சுட்டுக்கொண்டுதான் இருந்தது. பல்லைக் கடித்துக்கொண்டு சிரிக்கத் தெரியும், அவ்வளவுதான் வித்தை. இன்றைக்குத்தான் நிஜமாகவே சுடவில்லை.

வீட்டுக்கு வந்ததும் கதவைச் சாத்திக்கொண்டு கிள்ளிப் பார்த்தார். தையல் ஊசியால் குத்திப் பார்த்தார். சுண்டுவிரலும் மோதிரவிரலும் பக்கத்து வீட்டுக்காரரின் விரல்களைப் போல இருந்தன. பெருவியாதி என்கிற குஷ்டம் இப்படித்தான் தொடங்கும் என்று அவர் கேள்விப்பட்டிருந்தார். அந்தச் சொல் தெருவில் ஒரு காதில் விழுந்தால் போதும். கரண்டி போகும். மகள் சூடாமணிக்கு நிச்சயமாகியிருந்த கல்யாணம் போகும். அப்புறம் தெருவில் அவருக்கு என்ன வேலை?

அந்த வியாதிக்காரர் ஒருவரை அவருக்குத் தெரியும். சாலைக் கம்போளக் கடைத்தெருவில் ஒரு காலத்தில் மூட்டை தூக்கிய திரவியம், இப்போது கைகளில் துணி சுற்றிக்கொண்டு கிள்ளிப்பாலத்தின் ஓரத்தில் உட்கார்ந்திருப்பார். கல்யாணச் சோறு மிஞ்சினால் பஞ்சாபகேசன் இலையில் கட்டிக் கொண்டுபோய்ப் போடுவார். போடுவார் என்பதுதான் சரி. இடுப்புயரத்திலிருந்து பொத்தென்று விழும்.

மறுநாள் குனிந்து, பொட்டலத்தைக் கையருகே வைத்து, பக்கத்தில் உட்காரவும் செய்தார்.

"என்ன சாமி, இன்னைக்கு இம்பிடு பக்கத்துல?" என்றார் திரவியம். "எப்பவும் தெங்குல இருந்து தேங்கா போடுத மாதிரில்லா போடுவீரு?"

"சும்மாதான். திரவியம், ஒனக்கு இது ஆரம்பத்திலே ரொம்ப வலிச்சுதோ?"

திரவியம் பெரிதாகச் சிரித்தார். "வலிச்சிருந்தா நான் ஏன் இங்க இருக்கேன்? கஞ்சி காச்சும்போ கங்கு ஒண்ணு விரல்ல ஒட்டிக்கிட்டுக் கெடந்திருக்கு. தெரியல. தெரிஞ்சிருந்தா கையை உதறியிருப்பேன்லா? பொறவு கால்ல ஆணி ஏறிச்சு. அதும் தெரியல. வலி மட்டும் இருந்திருந்தா அன்னைக்கே வைத்தியன் வீட்டுக்கு அழுதுக்கிட்டு ஓடியிருப்பேன் சாமி."

பஞ்சாபகேசன் இடது கையைத் துண்டுக்குள் இன்னும் இழுத்துக்கொண்டார். திரவியத்தின் பார்வை அந்தக் கைக்குப் போய்த் திரும்பியது.

"சும்மா கேக்க யாரும் இம்பிடு பக்கத்துல வரமாட்டாவ. கம்போளத்துல நேசையன் டாக்டர் உண்டு. போயிக் காட்டும்."

போகவில்லை. டாக்டர் வீட்டுக்குள் நுழைவதை யாராவது பார்த்தால் என்ன சொல்வது? அதற்குப் பதிலாகப் பஞ்சாபகேசன் ஒரு அதிபுத்திசாலித்தனமான காரியம் செய்தார். வியாதிக்காரனுக்கு வலிக்காது, ஆகவே வலிக்கிறவனுக்கு வியாதி இல்லை. அலற ஆரம்பித்தார்.

அடுத்த கல்யாணத்தில் சாப்பாட்டுச் சாமான் எதையும் தொடவில்லை. ஒதுங்கி உட்கார்ந்து ஆட்களை ஏவினார். யாராவது சட்டுகக் கரண்டியை நீட்டினால் "ஐயோ, சுடறதுடா!" என்று துள்ளினார். வேடிக்கை பார்க்க வந்த சம்பந்திகள் ஏமாந்து மாப்பிள்ளையிடமே திரும்பிப் போனார்கள். வீட்டிலும் அதே கூத்து. வெந்நீர்ச் செம்பைத் தொட்டால் ஐயோ, தோசைக்கல் பக்கம் போனால் ஐயோ. நடுவில் தன் தட்டைத் தனியாக ஒதுக்கினார். படுக்கையை ரேழிக்கு மாற்றினார். பூச்சரத்தை எடுத்துத் தரச் சொன்ன சூடாமணியிடம், "நீயே எடுத்துக்கோ" என்று கையைப் பின்னால் கட்டிக்கொண்டார். அந்தப் பெண்ணின் முகம் வாடிப்போனதைப் பார்த்தார். பார்க்காதது போலப் போனார்.

அவர் மனைவி சீதாலக்ஷ்மி எல்லாவற்றையும் கவனித்தாள். ஒன்றும் கேட்கவில்லை. அவள் கேட்காமல் இருந்தால்தான் பயப்பட வேண்டும்.

ஒருநாள் மத்தியானம், மூடிய டம்ளர் ஒன்றை அவர் முன்னால் வைத்தாள்.

"காப்பி. கொதிக்கக் கொதிக்க இருக்கு. பாத்து எடுங்கோ."

விரல் பட்டதோ இல்லையோ, "ஐயோ! கொள்ளிக்கட்டை மாதிரின்னா இருக்கு!" என்று கையை உதறினார்.

சீதாலக்ஷ்மி மூடியை எடுத்தாள். "இது காத்தால மண்பானைலேர்ந்து எடுத்து வச்ச ஜலமாக்கும். சொல்லுங்கோ, என்ன ஒளிக்கறேள்?"

சொன்னார். அவள் அழவில்லை. அவருடைய இடது கையைப் பிடித்தாள். அவர் இழுத்தார். அவள் விடவில்லை.

"தொடாதேடி. ஒட்டிக்கும்."

"ஒட்டறதானா நேக்கு எப்பவோ ஒட்டியாச்சு. எழுந்திருங்கோ, டாக்டர்ட்ட போலாம்."

"யாராவது பாத்துட்டா?"

"நேக்கு வயத்துவலின்னு சொல்லிக்கறேன். வாங்கோன்னா!"

நேசையன் டாக்டர் குண்டூசியும் கையுமாக எதிரே உட்கார்ந்தார். "கண்ணை மூடும் சாமி. குத்தினா மட்டும் சொல்லணும்."

"ஐயோ!"

"நான் இன்னும் குத்தல."

"ஐயோ!"

"நான் ஊசியே எடுக்கல ஓய்! அம்மா, இவரு எப்பவும் இப்படியா?"

"ஏன்னா, உள்ளதைச் சொல்லுங்கோ. இது கல்யாண வீடு இல்லை" என்றாள் சீதாலக்ஷ்மி.

அதன்பிறகு பஞ்சாபகேசன் உள்ளதைச் சொன்னார். மற்ற விரல்கள் குத்துவதைச் சொல்லின. அந்த இரண்டும் வாயே திறக்கவில்லை. டாக்டர் அவரை ஜன்னல் வெளிச்சத்தில் நிறுத்தி, முதுகையும் மார்பையும் தேமல் உண்டா என்று தேடினார். காதுக்குப் பின்னால், கழுத்தில், முழங்காலில் எல்லாம் நரம்பு தடித்திருக்கிறதா என்று தடவிப் பார்த்தார். டாக்டரின் முகத்திலிருந்து ஒன்றும் கண்டுபிடிக்க முடியவில்லை. பஞ்சாபகேசனுக்குச் சூடாமணியின் மணமேடை கண்ணெதிரே சரிந்துகொண்டே வந்தது. நாற்காலியில் வந்து விழுந்து, இடது முழங்கையை மேசை விளிம்பில் ஊன்றிக் கன்னத்தைத் தாங்கிக்கொண்டார்.

"கை அப்படியே இருக்கட்டும்" என்றார் டாக்டர். "வந்ததுல இருந்து பாக்கேன், அந்த முழங்கையை எம் மேசையில குத்தியே வச்சிருக்கீரு. வீட்டுலயும் இப்படித்தானோ?"

"சமையல் எடத்திலே ஆட்டுக்கல் மேலே இதே கோலம்தான்" என்றாள் சீதாலக்ஷ்மி. "பொழுதன்னிக்கும் கையைக் குத்தி வச்சுண்டு ஆள்களை ஏவிண்டிருப்பார்."

டாக்டர் அந்த முழங்கையைத் திருப்பி, எலும்புகளுக்கு நடுவே இருந்த பள்ளத்தில் விரலால் ஒரு தட்டுத் தட்டினார்.

மின்சார விளக்கையே உள்ளே வைத்தது போல ஏதோ முழங்கையிலிருந்து சுண்டுவிரலின் நுனிவரை ஓடியது. "ஐயோ அம்மா!" என்று பஞ்சாபகேசன் போட்ட சத்தத்தில் வாசலில் நின்ற வண்டி மாடு தலையைத் தூக்கியது.

சீதாலக்ஷ்மி அவர் தோளைப் பிடித்து உலுக்கினாள். "ஏன்னா, இது நெஜ ஐயோவா, பொய் ஐயோவா?"

"நெஜம்டி! சத்தியமா நெஜம்!" கண்ணில் தண்ணீர் வழிந்தது. "டாக்டர், இன்னொரு தரம் தட்டுங்கோ."

இன்னொரு தரமும் தட்டப்பட்டது. இன்னொரு தரமும் அலறினார். இப்படி ஒரு சங்கீதத்தைச் சீதாலக்ஷ்மி கேட்டதில்லை. முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள், அதே முந்தானையால் கண்ணையும் துடைத்துக்கொண்டாள்.

"அந்த வியாதி இல்ல" என்றார் நேசையன். "இங்கன ஒரு நரம்பு உண்டு. கல்லுல வச்சு நசுக்கியிருக்கீரு. இனிமே கையை ஊன்றாதேயும். விரல் மெள்ளத் திரும்பி வரும். வாறப்போ சும்மா வராது, முள்ளா குத்தும், எரியும். அப்போ அழுதுக்கிட்டு இங்க வரப்பிடாது, கேட்டீரா?"

"எரிஞ்சா கும்பிடுவேன் டாக்டர்."

வாசல்வரை போனவர் நின்றார். "கிள்ளிப்பாலத்திலே திரவியம்னு ஒருத்தன் இருக்கான். அவனை ஒரு தரம் பாப்பேளா?"

"அவனை நீர் கூட்டிட்டு வருவீரா?"

கூட்டிக்கொண்டு போனார். திரவியம் வழி முழுவதும் ஏசிக்கொண்டே வந்தார். டாக்டர் அந்த வியாதிக்கு மருந்தான மரோட்டி எண்ணெயை ஊசியில் ஏற்றிப் போட்டார், புண்ணைக் கழுவிக் கட்டினார். அதன்பிறகு ஊசி நாட்களில் இருவரும் சேர்ந்தே கம்போளத்துக்கு நடந்தார்கள். திரவியத்துக்குப் போன விரல்கள் திரும்பவில்லை. மிச்சம் இருந்தவை மிச்சமாகவே இருந்தன. அது சின்ன விஷயம் இல்லை.

பஞ்சாபகேசனின் விரல்கள் அவசரப்படவில்லை. சூடாமணியின் கல்யாணம் நெருங்கி வந்தது. ஊறுகாய்க்காக ஒரு கூடை புளிப்பு நாரங்காயை வைத்துக்கொண்டு அரிந்துகொண்டிருந்தார். கத்தி எப்போதோ சுண்டுவிரலின் ஓரத்தில் கீறியிருந்தது, அது அவருக்குத் தெரியாது. சாறு அந்தக் கீறலில் இறங்கியது.

சுரீர் என்றது.

அலறவில்லை. கத்தியைக் கீழே வைத்துவிட்டு விரலை முகத்துக்கு நேரே பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். ஒரு துளி ரத்தம் திரண்டது. இன்னொரு நாரங்காய் மூடியை எடுத்து அதன்மேல் பிழிந்தார். எரிச்சல் கை முழுவதும் ஏறியது.

உள்ளேயிருந்து வந்த சீதாலக்ஷ்மி ஒரு கணம் நின்று பார்த்தாள். பிறகு பக்கத்தில் உட்கார்ந்து அந்தக் கையைத் தன் மடியில் எடுத்து வைத்துக்கொண்டாள்.

"ஊதட்டுமா?"

"வேண்டாம்" என்றார் பஞ்சாபகேசன். "எரியட்டும்."