மேல்வரியை நான் வாசிக்கவில்லை

பச்சை ஏலக்காய் சூட்டில் வாடும்போது எழுகிற மணத்தை உலகம் வாசனை என்கிறது. போடியில் எந்தத் தெருவில் அது மூக்கில் ஏறினாலும் எனக்கு முதலில் கோபம்தான் வரும். ஆயிரத்துத் தொள்ளாயிரத்து ஐம்பதுகளில், மலைமேல் ஒரு ஏலத் தோட்டத்தில், காய் உலர்த்தும் ஸ்டோரில் அடுப்பெரித்தேன். வயது இருபத்து நான்கு. அக்கா அங்கேயே காய் எடுத்தாள். ஞாயிறுதோறும் முதலாளி நடத்தும் ஜெபத்தில் வேதம் வாசிப்பவன் நான். அந்தக் கர்வம் வேறு.

மழை விட்ட ஒரு காலை, அரிசி மூட்டையோடு ஏறி வந்த கழுதைக்காரர் சேதி சொன்னார். கீழே எங்கள் ஊர் சிலமலையில் அப்பா போய்விட்டார். சாயங்காலம் அடக்கம். உடனே இறங்கி நடந்தால் முகம் பார்த்துவிடலாம்.

அக்கா கூடையை இறக்கிவைத்துவிட்டு முதலாளி முன் போய் நின்றாள். நானும் பின்னால் போனேன். காய் பழுத்து நிற்கிற பருவம். அவர் நாற்காலியை விட்டு எழவில்லை.

"உங்கப்பன் எந்திரிச்சு ஓடிரவா போறாரு? ரெண்டு நாள்ல காயெடுத்து முடிச்சுட்டுப் போத்தா."

"எந்திரிச்சு ஓடுனாத்தேன் லீவு குடுப்பாரு போல," என்றாள் கூடையோடு நின்ற ஒருத்தி. யாரும் சிரிக்கவில்லை.

முதலாளி மேசையிலிருந்த வேதத்தை என் பக்கம் தள்ளினார். "செத்தவங்கள செத்தவங்களே அடக்கம் பண்ணட்டும்னு ஆண்டவரே சொல்லியிருக்காரு. நீயே ஒங்க அக்காளுக்கு வாசிச்சுக் காட்டு."

வாசித்தேன். இன்றைக்கும் அந்தக் குரலை என் தொண்டையிலிருந்து பிடுங்கி எறியத் தோன்றுகிறது. சற்று மேலேதான் இருந்தது அந்த இன்னொரு வரி: நரிக்குக் குழி உண்டு, பறவைக்குக் கூடு உண்டு, தனக்குத் தலைசாய்க்க இடமில்லை என்று இயேசு சொல்வது. அப்படி வீடில்லாத ஒருவர், தன்னோடு நடக்க வந்து, முதலில் அப்பாவை அடக்கம் பண்ணிவிட்டு வருகிறேன் என்றவனிடம் சொன்ன சொல்தான் நான் வாசித்தது. அவனுடைய அப்பா அப்போது உயிரோடுதான் இருந்தார், அவன் நாள் கடத்தினான் என்பாரும் உண்டு. உள்ளுக்குள் செத்தவர்களைச் சொன்னார் என்பாரும் உண்டு. எனக்கு இன்னும் முழுதாக விளங்கவில்லை. ஆனால் நண்பனின் கல்லறை முன் நின்று அழுதவர், ஏலக்காய் உதிர்ந்துவிடுமே என்று அதைச் சொல்லியிருக்க மாட்டார். கீழே ஒரு வீடும் மேலே ஒரு பங்களாவும் வைத்திருப்பவர் அதைத் தூக்கி ஒரு கூலிக்காரியின் நெஞ்சில் வைப்பதா? இதில் பாதியாவது அன்றே எனக்குத் தெரியும். தெரிந்தும் மேல்வரியை வாசிக்கவில்லை.

அக்காவுக்கு எழுத்து தெரியாது. கேட்டாள்: "இது எல்லாருக்குமா மொதலாளி?"

"எல்லாருக்குந்தேன்."

"போன தைல ஒங்க ஆத்தா தவறுனப்ப மூணு நாளு தோட்டத்தப் பூட்டி, எங்களயெல்லாம் கீழ கூட்டிப் போனீகளே. அன்னைக்கு இத யாரும் வாசிக்கலையே."

அவர் புத்தகத்தை மூடினார். "போனா திரும்பி வராத. லயத்துல ஒனக்குக் குடுத்த கூலி வீட்டுக்கு வேற ஆளு இருக்கு." பிறகு என்னிடம்: "அடுப்பு அணைஞ்சா அம்புட்டுக் காயும் வெளுத்துரும்."

நான் அடுப்புக்குத் திரும்பினேன். காரணம் சொல்ல ஒன்றுமில்லை, பயம். அக்கா சேலையை வரிந்து கட்டிக்கொண்டு இறக்கத்தில் கால் வைத்தபோதுதான் ஓடிப்போய், "அக்கா, நான்..." என்றேன்.

அவள் நின்றாள்.

"நீ அடுப்பப் பாரு தம்பி. ஒனக்கும் சேத்து நானே ரெண்டு பிடி மண்ணு போட்டுர்றேன்."