ஊருக்கே இணைப்பு கொடுத்த ஹால்டிஸ்

ஸ்கார்விக்கின் டெலிபோன் எக்ஸ்சேஞ்ச் ஹால்டிஸின் வீட்டு முன்னறையில்தான் இருந்தது. முதலில் அது அவள் அப்பா பார்த்த வேலை. அவர் படுக்கையில் விழுந்த குளிர்காலத்தில், காதில் மாட்டும் கருவியைக் கழற்றி மகள் கையில் கொடுத்தார். அவளுக்கு அப்போது இருபது வயதுகூட நிரம்பவில்லை. அதற்குப் பிறகு சமைக்கவும் தூங்கவும் கடைக்குப் போகவும் மட்டுமே அவள் கம்பிகளைச் செருகி இணைக்கும் அந்தப் போர்டின் முன்னாலிருந்து எழுந்தாள்.

வடகோடிக் கடலோரத்தில் ஒரு சின்ன ஊர். ஒரு மீன் கம்பெனி, ஒரு கடை, ஒரு சர்ச், பரண்களில் காற்றில் காயும் காட் மீன்கள், கடற்கழியின் இரண்டு கரையிலும் சிதறிக் கிடக்கும் வீடுகள். எந்த வீட்டிலாவது போனின் கைப்பிடியைச் சுழற்றினால் போர்டில் ஒரு சின்ன மூடி 'டப்' என்று விழும். "சென்ட்ரல்" என்பாள் ஹால்டிஸ். யாருக்கு யார் வேண்டும் என்று கேட்டு, கம்பியைச் செருகி, இணைத்துவிடுவாள். பேசி முடித்துவிட்டார்களா என்று தெரிந்துகொள்ள இடையிடையே காது கொடுத்தாக வேண்டும். அப்படிக் காது கொடுத்ததில் யாருக்குக் காசநோய், யாருடைய மகன் ஜெயிலில் இருக்கிறான், யார் மனைவியை அடிக்கிறான் என்று எல்லாம் அவளுக்குத் தெரிந்துபோயிற்று. ஒரு சொல்லைக்கூட அவள் வெளியே விட்டதில்லை. ஆனால் ஊர் அதை நம்பவில்லை.

அவள் கடைக்குள் நுழைந்தாலே பேச்சு நின்றுவிடும்.

"போச்சுடா, சென்ட்ரல் வந்துருச்சு. எல்லாரும் போனைக் கீழ வைங்க" என்பான் கடைக்காரன் ஆல்ஃபன்.

எல்லோரும் சிரிப்பார்கள். ஹால்டிஸும் சிரித்து வைப்பாள். காப்பித்தூளும் ரொட்டிமாவும் வாங்கிக்கொண்டு வெளியே வந்து கதவைச் சாத்தினால், விட்ட இடத்திலிருந்து பேச்சு மறுபடி தொடங்குவது கேட்கும்.

கல்யாணம் ஒன்று வருவதுபோல் வந்தது. சரக்குக் கப்பலில் வேலை பார்த்த தோர்லைஃப், கோடையில் கப்பல் வரும்போதெல்லாம் அவளோடு கரையில் நடப்பான். ஒருநாள், "நான் என்ன சொல்ல வந்தாலும் உனக்கு முன்னாடியே தெரிஞ்ச மாதிரி ஒரு முகம் வெச்சிருக்க, ஹால்டிஸ். பயமா இருக்கு" என்றான். அடுத்த வருஷம் வேறொரு தீவில் பெண் எடுத்தான். அந்தச் செய்தியைச் சொந்தக்காரர்களுக்கெல்லாம் சொல்ல அவன் அம்மா போன் செய்தாள். வீடு வீடாக இணைப்புக் கொடுத்தவள் ஹால்டிஸ்தான்.

இப்படியே வருஷங்கள் போயின. பிறகு ஒரு ஜனவரி மாதம் அது நடந்தது.

குளிர்காலத்தில் வாரக்கணக்கில் மறைந்துவிடும் சூரியன் இன்னும் திரும்பி வராத நாட்கள் அவை. நண்பகலிலும் விளக்கு எரிந்தது. புயல் வேறு. அக்கரையில் ஒதுங்கி நின்ற, எய்லிஃபும் மனைவி ஒட்னியும் இருந்த வீட்டின் மூடி விழுந்தது.

"ஹால்டிஸ்! மருத்துவச்சியக் குடு! ஒட்னிக்கு வலி வந்துருச்சு!"

மருத்துவச்சி வேறொரு பிரசவத்துக்குப் பக்கத்துத் தீவுக்குப் போனவள், புயலில் அங்கேயே மாட்டிக்கொண்டிருந்தாள். எந்தப் படகும் கழியைக் கடக்க முடியாது. ஹால்டிஸ் நகரத்து டாக்டரைப் பிடித்து எய்லிஃபோடு இணைத்தாள். காற்றில் கம்பிகள் ஊளையிட்டன. டாக்டர் பேசுவது எய்லிஃபுக்குக் கேட்கவில்லை. அவன் பேசுவது டாக்டருக்கும் எட்டவில்லை. நடுவில் இருந்த ஹால்டிஸுக்கு மட்டும் இரண்டு குரலும் கேட்டன.

"நான் சொல்றேன். டாக்டர் சொல்றத அப்படியே சொல்றேன். நீ செய்" என்றாள்.

டாக்டர் சொன்னதை அவள் சொன்னாள். எய்லிஃப் அலறியதை டாக்டரிடம் சொன்னாள். வெந்நீர் வை, கையைக் கழுவு, அவளைப் பக்கவாட்டில் சாய்த்துப் படுக்க வை, இப்போது முக்கச் சொல், இப்போது வேண்டாம் என்று சொல். தலை வெளியே வந்தது. கழுத்தில் தொப்புள்கொடி சுற்றியிருந்தது.

"செத்துருச்சு" என்றான் எய்லிஃப். "நீலமா இருக்கு. என்னால முடியாது. நான் போறேன், வெளிய போறேன்." குழந்தையைப் போலத் தேம்பித் தேம்பி அழுதான். கடவுளைத் திட்டினான், மனைவியைத் திட்டினான், அம்மாவைக் கூப்பிட்டான்.

"எய்லிஃப்! நீ எங்கயும் போகல. விரல விடு. கொடிக்கும் கழுத்துக்கும் நடுவுல. மெதுவா. தலைக்கு மேல எடு."

டாக்டர் அவ்வளவு சொல்லவில்லை. 'கொடியைத் தலைக்கு மேல் எடுக்கச் சொல்' என்று மட்டுமே சொன்னார். மற்றதை அவளாகவே சொன்னாள். பிறகு ரிசீவர் தரையில் விழுந்த சத்தம். பிறகு காற்று. வெகுநேரம் காற்று மட்டும்தான். அதற்கப்புறம் ஒரு பூனைக்குட்டி கத்துவதுபோல் ஏதோ கேட்டது.

"பிறந்துடுச்சு டாக்டர்" என்றாள் ஹால்டிஸ். கருவியைக் கழற்றி வைத்தாள். சொல்வதற்கு வீட்டில் வேறு யாருமில்லை.

வசந்தத்தில் குழந்தைக்கு ஞானஸ்நானம் கொடுத்தார்கள். டாக்டரின் பெயரையே, ரெய்டார் என்று, வைத்தார்கள். விருந்துக்கு டாக்டரைப் படகு அனுப்பி வரவழைத்தார்கள். ஆல்ஃபன்கூடப் போனான். ஹால்டிஸை அழைக்கவில்லை. போர்டை விட்டு அவளால் வர முடியாது என்று நினைத்திருப்பார்கள் என்று தனக்குத் தானே சொல்லிக்கொண்டாள். ஆனால் அதன் பிறகு படகுத்துறையில் எய்லிஃப் அவளைக் கண்டால் முகத்தைத் திருப்பிக்கொண்டு வேறு பக்கம் போனான். போனில் நம்பர் கேட்கும்போதும் பெயர் சொல்லிக் கூப்பிடுவதை விட்டுவிட்டான்.

ஊர்ப் பிள்ளைகள் வளர்ந்தார்கள். ஒரு கோடையில் நகரத்திலிருந்து ஆட்கள் வந்து போர்டைக் கழற்றிக் கொண்டுபோனார்கள். இனி எல்லாம் தானாகவே இணையும் என்றார்கள். முன்னறைச் சுவரில் வெளுத்த சதுரம் ஒன்று மிஞ்சியது. ஹால்டிஸுக்கும் எண்களைச் சுழற்றும் புது போன் ஒன்று கிடைத்தது. அது மணி அடிக்கவே இல்லை. சில காலைகளில் அவள் ரிசீவரை எடுத்துக் காதில் வைத்து, உள்ளே ஓடும் அந்த ஒற்றை முனகலைக் கொஞ்ச நேரம் கேட்டுவிட்டுக் கீழே வைப்பாள்.

இலையுதிர்காலத்தில் மீன் கம்பெனியில் வேலைக்குச் சேர்ந்தாள். கத்தி பிடிக்கத் தெரியாமல் விரலை வெட்டிக்கொண்டாள். பெண்கள் கேலி செய்தார்கள்.

"ஏய் சென்ட்ரல், மீனுக்கு லைன் போட்டுக் குடு, அதுவே தோலை உரிச்சுக்கும்!"

அவளுக்குப் பக்கத்தில் நின்று மீன் அறுத்தவள் ஒட்னி. பல மாதம் இருவரும் 'உப்பை இங்க தள்ளு' என்பதற்கு மேல் பேசவில்லை. ஒருநாள் மெஷின் பழுதாகி மற்றவர்கள் புகைபிடிக்க வெளியே போனபோது, ஒட்னி கத்தியைத் துடைத்தபடியே சொன்னாள்.

"அவன் அழுதத நீ கேட்டுட்டியாம். அதான் அவனுக்கு உறுத்துது."

"நான் யார்கிட்டயும் சொல்லல, ஒட்னி."

"தெரியும். சொல்லியிருந்தாலும் பரவால்லன்னு இருந்திருப்பான். எல்லாரும் சிரிச்சுட்டு மறந்திருப்பாங்க. இப்போ உனக்கு மட்டும்ல தெரியும்?" கத்தியைக் கீழே வைத்தாள். "உன்னை விருந்துக்குக் கூப்பிடணும்னு சொன்னேன். சண்டை போட்டேன். தோத்துட்டேன். ஞாயித்துக்கிழமை காப்பிக்கு வா."

ஹால்டிஸ் நல்ல கோட்டைப் போட்டுக்கொண்டு போனாள். ஒட்னி வாஃபிள் சுட்டு வைத்திருந்தாள். எய்லிஃப் "வா" என்றான். உடனே வலையைப் பார்க்க வேண்டும் என்று படகுக் கொட்டகைக்குப் போய்விட்டான். கொட்டகையில் குளிர்காய அடுப்புக் கிடையாது. அடுத்த ஞாயிறும் அப்படித்தான். ஜன்னல் வழியே பார்த்தால், கைகளை அக்குளில் செருகிக்கொண்டு சும்மா நிற்கிறான்.

அதற்கப்புறம் ஹால்டிஸ் போகவில்லை. முழங்கால் வலி என்றாள். ஒட்னி எதுவும் கேட்கவில்லை. ஆனால் அந்த வாரமே சனிக்கிழமை, பின்னல் பையோடு அவளே படகேறி இக்கரைக்கு வந்துவிட்டாள். பிறகு அது வழக்கமாயிற்று. எய்லிஃபின் தோள்வலி, மூத்த மகள் கொண்டுவந்த மருமகனின் கஞ்சத்தனம், ரெய்டார் கப்பல் இன்ஜின் வேலைக்குப் போனது என்று ஒட்னி பேசிக்கொண்டே இருப்பாள். ஹால்டிஸ் கேட்டுக்கொண்டே இருப்பாள்.

"நீயும் ஏதாச்சும் சொல்லேன்டி" என்றாள் ஒட்னி ஒருநாள். "நான் மட்டும் கத்திக்கிட்டே இருக்கேன்."

ஹால்டிஸ் யோசித்தாள். அவளுக்குத் தெரிந்ததெல்லாம் அடுத்தவர்களுடையது. எதையும் சொல்ல முடியாது. காப்பி ஆறிக்கொண்டிருந்தது.

"நேத்து படகுத்துறைக்குக் கீழ ஒரு நீர்நாயப் பார்த்தேன்" என்றாள்.

"அப்புறம்?"

"அப்புறம் ஒண்ணுமில்ல. மீன் தின்னுச்சு. போயிடுச்சு."

ஒட்னி பின்னலை மடியில் போட்டுவிட்டுச் சிரித்தாள். "எவ்ளோ பெருசு?" என்று கேட்டாள். ஹால்டிஸ் இரண்டு கைகளையும் விரித்துக் காட்டினாள்.